கயானா செல்வோர் வாங்க வேண்டிய வாகனம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு வேலைவாய்ப்பு குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை, கயானாவுக்குச் செல்லும் நம் பொறியாளர்களுக்கும் மருத்துவத் துறையினருக்கும் விசா, சம்பளம், வீட்டு வாடகை ஆகியவற்றைப் பற்றிப் பயனுள்ள செய்திகளைத் தந்திருந்தது. ஆனால் வாகனம் பற்றிய பகுதியை, சாலைகள் மோசமாக இருப்பதால் நல்ல எஸ்யூவி ஒன்றை வாங்கிக்கொள்ளலாம் என்ற ஒரே வரியோடு முடித்துவிட்டது. அந்நாட்டில் சில ஆண்டுகள் வாகனப் பராமரிப்புப் பணியில் இருந்தவன் நான். அந்த ஒரு வரியை நம்பி எவரும் தம் சேமிப்பைத் தவறான வண்டியில் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் நாட்டின் அமைப்பைப் புரிந்துகொள்வது நல்லது. கயானா தென் அமெரிக்க நிலப்பரப்பில் இருந்தாலும் பேச்சிலும் பழக்கத்திலும் கரீபிய நாடுதான். கரீபிய சமூகக் கூட்டமைப்பின் தலைமையகமே அதன் தலைநகரான ஜார்ஜ்டவுனில்தான் இருக்கிறது. பரப்பளவு ஏறத்தாழ 2,15,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகம். மக்கள்தொகையோ சுமார் எட்டு லட்சம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கடலோரத்து ஒடுங்கிய நிலப்பகுதியில் வாழ்கிறார்கள். 1838 தொடங்கிக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியர்களின் வழித்தோன்றல்களும் பெரும்பாலும் இந்தக் கடலோரத்தில்தான் இருக்கிறார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்களின் வாரிசுகள் இன்றும் அங்கே மாரியம்மனை வழிபடுவதைக் காணலாம். ஆக, வண்டி வாங்க நினைப்பவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, தாம் கடலோரத்தில் வாழப்போகிறோமா, உள்நாட்டுக்குப் போகப்போகிறோமா என்பதுதான்.

கடலோரத்தில் வேலை பார்ப்பவருக்கு நான்கு சக்கர இயக்கம் தேவையே இல்லை என்பது என் திடமான கருத்து. அங்கே தார்ச்சாலைகள் உண்டு. பள்ளங்களும் உண்டு; கடல் ஏற்றத்தின்போது கடல்மட்டத்தைவிடத் தாழ்ந்து கிடக்கும் நிலம் என்பதால் கனமழை பெய்தால் ஜார்ஜ்டவுன் தெருக்களில் தண்ணீர் தேங்குவதும் உண்டு. ஆனால் நம் சென்னையில் மழைக்காலத்தில் கார் ஓட்டியவருக்கு இதெல்லாம் புதிதல்ல. ஜப்பானிலிருந்து செகண்ட் ஹேண்டாக வந்திறங்கும் டொயோட்டா பீல்டர், ஆக்சியோ, பிரீமியோ, ஆலியன் போன்ற கார்கள்தான் அந்த ஊரின் அன்றாட வாகனங்கள். டாக்சிக்காரர்கள் அவற்றை ஓட்டுவதாலேயே அவற்றின் பிரேக் பேட், ஷாக் அப்சார்பர், ஸ்டீயரிங் ராக் எல்லாம் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கின்றன. அங்கும் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கிறது என்பதால் நம்மவர்களுக்குப் பழகுவதும் எளிது. ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன்: சிவிடி கியர் பெட்டி (தனித்தனி கியர்கள் இல்லாமல் வேக விகிதம் தொடர்ந்து மாறும் ஆட்டோமேட்டிக் வகை) உள்ள பழைய காரை வாங்குவதாக இருந்தால், அதன் எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்று விற்பவர் சொல்ல முடியாவிட்டால் அந்த வண்டியை விட்டுவிடலாம்.

உள்நாட்டுக்குப் போக வேண்டியவரின் கதை முற்றிலும் வேறு. ஜார்ஜ்டவுனிலிருந்து பாக்சைட் நகரமான லிண்டன் வரை தார்ச்சாலை இருக்கிறது. அங்கிருந்து பிரேசில் எல்லையிலுள்ள லெத்தெம் வரை ஏறத்தாழ 450 கிலோமீட்டர். லிண்டனுக்கும் மாபுரா ஹில்லுக்கும் இடைப்பட்ட பகுதியை நல்ல சாலையாக மாற்றும் பணி சில ஆண்டுகளாக நடந்துவந்தாலும், அதற்கு அப்பாலுள்ள நெடுந்தொலைவு காட்டை வெட்டிப் போட்ட செம்மண் பாதையாகவே நான் கண்டது. வழியில் எசெக்விபோ ஆற்றைக் குருபுகாரி என்ற இடத்தில் மிதவைப் படகில் வண்டியோடு கடக்க வேண்டும். அந்தப் படகு பகலில்தான் ஓடும். வழியில் வண்டி படுத்து, மாலைப் படகைத் தவறவிட்டவர் கொசுவலையோடு கரையில் இரவைக் கழிக்க வேண்டியதுதான். ஆற்றுக்கு அப்பால் இவோக்ரமா காடு, அதையடுத்து ரூபுனூனி புல்வெளி. மே முதல் ஆகஸ்ட் வரை பெய்யும் மழையில் அந்தப் புல்வெளியே ஏரியாகிவிடுகிறது. அமேசானில் சேரும் ஆறுகளின் நீரும் எசெக்விபோவில் சேரும் ரூபுனூனியின் நீரும் ஒன்றோடொன்று கலந்துவிடும் அளவுக்கு வெள்ளம் பரவும். கோடையிலோ அதே பாதை இறுகி, குறுக்கே வரிவரியாக மேடு தட்டி, மணிக்கணக்காக வண்டியை உதறிக்கொண்டே இருக்கும்.

பலரும் சேற்றுக்குத்தான் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் வண்டியைக் கொல்வது அந்த உதறல்தான். சேற்றில் மாட்டிய வண்டியை இன்னொரு வண்டி இழுத்துவிடும். அந்தத் தடத்தில் அப்படி உதவாமல் போகிறவரை நான் பார்த்ததில்லை. ஆனால் உதறலில் ஷாக் அப்சார்பரின் உள்ளிருக்கும் எண்ணெய் சூடேறி அது வேலை செய்வதை நிறுத்திவிடும், போல்ட்டுகள் தாமாகத் தளரும், பேட்டரியைத் தாங்கும் தகடு விரிசல் விடும், ரேடியேட்டரின் தாங்கிகள் அறுந்து, ஓடிக்கொண்டிருக்கும் விசிறி அதன் முதுகைக் கிழிக்கும். தனிச் சேசிஸ், அதாவது உடலைத் தாங்கும் தனி இரும்புச் சட்டம், இல்லாமல் உடலே கூடாக அமைந்த நகர எஸ்யூவிகள் பார்வைக்கு உயரமாக இருந்தாலும், இந்த உதறலை ஆண்டுக்கணக்கில் தாங்குவதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. நான்கு சக்கர இயக்கம் என்று அவற்றின் பின்கதவில் எழுதியிருக்கும். ஆனால் பெரும்பாலானவற்றில் சேற்றிலும் ஏற்றத்திலும் மெல்ல ஊர்ந்து வெளியேற உதவும் லோ கியர் இருக்காது.

ஆகவே உள்நாட்டுக்கென்று வாங்குபவர் தனிச் சேசிஸ், பின்புறம் லாரிகளில் உள்ளது போன்ற பட்டை ஸ்பிரிங், லோ கியரோடு கூடிய நான்கு சக்கர இயக்கம் ஆகிய மூன்றும் உள்ள வண்டியைத்தான் பார்க்க வேண்டும். நடைமுறையில் அது டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் போய் நிற்கும்; பணம் இருந்தால் லேண்ட் குரூசர் 70 வரிசை. 1984இல் வெளிவந்த அந்த 70 வரிசை இன்றும் அடிப்படை அமைப்பு மாறாமல் தயாரிக்கப்படுகிறது. அவ்வரிசையின் பல வண்டிகளிலுள்ள 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ இல்லாத பழைய டீசல் எஞ்சின் வேகத்தில் இன்றைய சாதாரணக் காரிடமே தோற்றுப்போகும். ஆனால் அதன் டீசல் பம்ப் கம்ப்யூட்டர் இல்லாத இயந்திரப் பம்ப் என்பதால், மாபுராவில் ஸ்பேனரோடு நிற்கும் மெக்கானிக்கால் அதைத் திறந்து பார்க்க முடியும். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் மிகுந்த அழுத்தத்தோடு டீசலைச் செலுத்தும் புதிய காமன் ரெயில் எஞ்சின்கள் திறமையானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் உள்நாட்டில் டீசல் பல இடங்களில் பீப்பாய்களிலிருந்து ஊற்றப்படுகிறது. அதில் கலந்துவரும் தண்ணீரும் துருவும் அந்தப் புதிய எஞ்சின்களில் டீசலைப் பீய்ச்சும் இஞ்செக்டர்களைப் பாழாக்கிவிடும். அத்தகைய வண்டியை வாங்குபவர் டீசலிலிருந்து நீரைப் பிரிக்கும் கூடுதல் வடிகட்டி ஒன்றைப் பொருத்திக்கொள்வதும், வடிகட்டிகளை உதிரியாக எடுத்துச் செல்வதும் கட்டாயம்.

டயரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் அந்தச் சாலையில் நிற்கும் வண்டிகளில் பெரும்பகுதி டயரால்தான் நிற்கின்றன. ஷோரூமில் அழகாகத் தெரியும் 18 அங்குல, 20 அங்குல ரிம்களில் டயரின் பக்கச் சுவர் குட்டையாக இருக்கும். கூர்மையான செம்பாறைக் கல் ஒன்று அதைக் கிழித்துவிட்டால் பஞ்சர் ஒட்ட முடியாது. 16 அங்குல ரிம், உயரமான பக்கச் சுவர், சரக்கு வண்டிகளுக்கென்று தடித்த அடுக்குகளோடு செய்யப்பட்ட டயர் ஆகியவையே ஏற்றவை. செம்மண் தொடங்கும் இடத்தில் காற்றைச் சிறிது குறைத்துக்கொண்டு, தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறுபடி அடைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பேட்டரியில் இயங்கும் சிறிய பம்ப் போதும். ஸ்டெப்னி ஒன்று போதாது, இரண்டு வேண்டும். வண்டியோடு வரும் ஜாக்கி சேற்றில் புதைந்துபோகும் என்பதால் அதன் அடியில் வைக்க ஒரு கனத்த மரப்பலகையும் வேண்டும். அந்தப் பலகையை மறந்து சென்றவர்கள் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

இனி செகண்ட் ஹேண்ட் வண்டியைச் சோதிக்கும் விதம். விற்பவர்கள் எஞ்சினைக் கழுவிப் பளபளப்பாக வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து மயங்காமல், காலடி விரிப்பைத் தூக்கி அடியிலுள்ள தகட்டைப் பார்க்க வேண்டும். அங்கே சேற்றுக் கோடு தெரிந்தால் வண்டிக்குள் ஒருமுறையாவது தண்ணீர் புகுந்திருக்கிறது. பிறகு கீழே படுத்துப் பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிபரன்ஷியலின் எண்ணெய் மூடியைக் கழற்றச் சொல்லி, துளைக்குள் விரலை விட்டு எடுத்துப் பாருங்கள். எண்ணெய் தெளிவாகவோ கறுப்பாகவோ இருக்கலாம். டீக்கடை டீ போலக் கலங்கலாக வந்தால் உள்ளே ஆற்று நீர் போயிருக்கிறது, அதன் பேரிங்குகள் அதிக நாள் தாங்கா. சேசிஸின் உட்புறத்தை ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே வந்தால், துரு தின்ற இடத்தில் ஓசை மந்தமாக மாறும். ஜப்பானின் பனிப் பகுதிகளில் சாலையில் உப்புத் தூவுவது வழக்கம் என்பதால், மேலே மின்னும் வண்டிக்கு அடிப்பகுதி அரித்துப்போயிருப்பது அபூர்வமல்ல. ஜப்பானிய ஏலத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் கொடுக்கப்படும் தரத்தாளைக் கேட்டு வாங்கி, ஜப்பானிய மொழி தெரிந்த யாரிடமாவது காட்டிப் படிக்கச் சொல்வது நல்லது. தாளைக் காட்ட மறுக்கும் வியாபாரியிடம் மேற்கொண்டு பேசிப் பயனில்லை.

ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்யப்பட்ட வண்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. வெளியே ஒரே பெயர், ஒரே தோற்றம் இருந்தாலும், உள்ளே எஞ்சினும் சஸ்பென்ஷனும் ஏற்றுமதி வண்டிகளிலிருந்து மாறுபட்டிருக்கக்கூடும். டொயோட்டாவின் சில பிராடோ எஸ்யூவி வண்டிகளின் பின்புறத்தில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை இருக்கும். ஜப்பானின் நெடுஞ்சாலையில் அது சுகம். ரூபுனூனியில் பை கிழிந்தால் வண்டி உட்கார்ந்துவிடும், பதிலுக்கு ஒன்றை அங்கே தேடிப் பிடிக்கவும் முடியாது. எனவே வண்டியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், அதன் சேசிஸ் எண்ணை எடுத்துக்கொண்டு உதிரிபாகக் கடைகளுக்குப் போய், வீல் பேரிங், கிளட்ச் பிளேட், தண்ணீர் பம்ப், பெல்ட் ஆகியவை கையிருப்பில் இருக்கின்றனவா என்று கேட்டுவிட வேண்டும். “வரவழைத்துத் தருகிறோம்” என்ற பதில் வந்தால் இல்லை என்றே பொருள் கொள்ளலாம். என்னைக் கேட்டால், எந்த வண்டி நல்லது என்று இணையத்தில் தேடும் நேரத்தில் லெத்தெமுக்கு ஓடும் மினிபஸ் ஓட்டுநர்களிடமும், சுரங்கப் பகுதிகளுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் பழைய பெட்போர்டு லாரிக்காரர்களிடமும் ஒரு மணி நேரம் பேசுவது மேல். எந்தப் பாகம் எங்கே உடையும், அதை எந்தப் பட்டறையில் சரிசெய்வார்கள் என்பதை அவர்களைவிடத் தெரிந்தவர்கள் எவருமில்லை.

டொமினிக்கா, செயின்ட் லூசியா போன்ற கரீபியத் தீவுகளுக்குப் போகிறவர்கள் மேற்சொன்ன அனைத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவை எரிமலைத் தீவுகள். பாதைகள் குறுகலானவை, செங்குத்தானவை, கொண்டையூசி வளைவுகள் நிறைந்தவை. அங்கே பெரிய பிக்கப் சுமைதான். தனிச் சேசிஸும் லோ கியரும் கொண்ட சின்னஞ்சிறு சுசுகி ஜிம்னி போதும். நம் நாட்டுத் தொழிற்சாலையிலிருந்தே 2021 முதல் அந்த வண்டி லத்தீன் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகிறது. தூரம் குறைவு என்பதால் பட்டறையும் எட்டும் தொலைவில் இருக்கும்.

கயானாவுக்குத் திரும்பி வருகிறேன். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டும் உள்நாட்டுக்குப் போக நேர்கிறவர்கள், அதற்காக ஹைலக்ஸ் வாங்கி ஜார்ஜ்டவுனில் நிறுத்திவைக்காமல், கடலோரத்துக்கு ஒரு பீல்டர் போன்ற காரை வைத்துக்கொண்டு, உள்நாட்டுப் பயணத்துக்கு வண்டியை ஓட்டுநரோடு வாடகைக்கு அமர்த்திக்கொள்ளலாம். தடம் தெரிந்த ஓட்டுநர் மழைக்காலத்தில் எந்தப் பள்ளத்தை இடப்புறமாகச் சுற்ற வேண்டும் என்பதை அறிந்திருப்பார். நிறுவனத்துக்காக ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகளை வாங்கும் பொறுப்பில் இருப்பவர்கள், விலை சற்றுக் கூடினாலும் அனைத்தையும் ஒரே மாடலாக, ஒரே எஞ்சினாக வாங்குங்கள். அப்போது உதிரிபாகங்களின் ஒரே பெட்டி எல்லா வண்டிக்கும் பயன்படும். ஒன்று முற்றாகப் படுத்துவிட்டால் அதன் பாகங்களைக் கழற்றி மற்றதை ஓட்டலாம். தங்கள் இணைப்பின் அடுத்த பகுதியில் இச்செய்திகளுக்கும் இடம் கிடைத்தால், பயணத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருப்பவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற வாகனப் பராமரிப்புப் பொறியாளர்,
திருச்சிராப்பள்ளி