படம் கமராவிலேயே அமையட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருமணங்களையும் கோயில் திருவிழாக்களையும் படமெடுப்பவன் என்ற முறையில், "பிறகு கணினியில் சரிசெய்து கொள்ளலாம்" என்று இளைய ஒளிப்படக் கலைஞர்களிடையே பரவிவரும் போக்குக் குறித்து எழுதுகின்றேன்.

திருகோணமலையில் சூரியன் கடலிலிருந்தே எழுவதால், கோணேசர் கோயில் வளாகத்தில் காலையில் கடலைப் பின்னணியாகக் கொண்டு எடுக்கும்போது, ஒன்றில் முகம் இருளும், அல்லது வானம் வெளுக்கும். முற்றாக வெளுத்துப்போன பகுதியில் கமராவின் உணரி எந்த விவரத்தையும் பதிவதில்லை. பதியாததை எந்த மென்பொருளாலும் மீட்க இயலாது. கமராவின் ஒளிமானி எதனையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதிக் கணக்கிடுவதால், வெள்ளை வேட்டிகள் நிறைந்த காட்சியில் ஒளியைச் சற்றுக் கூட்டுவதும், கருங்கல் மண்டபத்தில் குறைப்பதும் எடுப்பவரின் பொறுப்பாகும். நிலாவெளிக் கடலில் மேற்பரப்பின் பளபளப்பை நீக்கி அடித்தளத்தைக் காட்டும் போலரைசர் வடிகட்டியின் வேலையும், படமெடுக்கும் கணத்திலேயே முடிய வேண்டியது.

பிலிம் காலத்தில் படங்களைக் கழுவி அச்சிட்ட இருட்டறையில் செய்ததும் திருத்தந்தானே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான்; அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் அன்செல் அடம்ஸ் அச்சிடும்போது ஒளியைக் கூட்டியும் குறைத்தும் பெரிதும் உழைத்தவர். ஆயினும், நெகற்றிவ் முதலிலேயே திட்டமிட்டபடி அமைய வேண்டும் என்பதற்காக, சக ஒளிப்படக் கலைஞர் பிரெட் ஆச்சருடன் சேர்ந்து, காட்சியின் இருளையும் ஒளியையும் படிநிலைகளாகப் பிரித்து ஒளியளவைத் தீர்மானிக்கும் வலய முறையை வகுத்தவரும் அவரே. நிறச்சமநிலையைச் சிறிது திருத்துவதை நானும் ஏற்கின்றேன். மணமகளின் தோல் நிறத்தையே மாற்றிக் கொடுப்பதை (அதைக் கேட்டு வாங்குவோரும் இருக்கின்றனர்) ஏற்க முடியவில்லை.

இங்கு ஒளிப்படப் பயிற்சி நடத்துவோர், மென்பொருளைத் தொடுமுன் ஒளியை அளக்கக் கற்பிக்குமாறு கேட்டுக்கொள்கின்றேன்.

இப்படிக்கு,
ஒளிப்படக் கலைஞர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.