அட்டையின் பின்புறத்தில் ஒரு பெயருக்கு இடம் கொடுங்கள்

பேஸ்பால் அட்டைகளை வடிவமைப்போருக்கும், அவற்றுக்கான படங்களைத் தேர்ந்தெடுப்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். பேஸ்பால் வீரரின் படத்தை முன்புறமும் அவரது புள்ளிவிவரத்தைப் பின்புறமும் அச்சிட்டு, உறைகளில் அடைத்து விற்கும் உங்கள் அட்டைகளைப் பற்றி இன்று அதிகம் பேசப்படுவது விலைதான். மிக்கி மேன்டில் என்ற புகழ்பெற்ற வீரரின் 1952ஆம் ஆண்டு அட்டை ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போன செய்தியைப் பேஸ்பால் பார்க்காதவர்கள்கூடப் படித்திருப்பார்கள். உறையைப் பிரித்ததும் வீரரின் கையொப்பமோ, குறைந்த அளவில் அச்சிட்டதைக் காட்டும் வரிசை எண்ணோ உள்ள அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கிவிடும் பழக்கமும் பெருகியிருக்கிறது. அப்படி ஒதுக்கப்படும் சாதாரண அட்டைகளில்தான் உங்கள் துறையின் மிகச் சிறந்த வேலையை நான் பார்க்கிறேன். அதைப் பாராட்டவும், அந்த வேலைக்கு உரியவர்கள் சார்பில் ஒன்றைக் கேட்கவுமே இம்மடலை எழுதுகிறேன்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்குப் பேஸ்பாலைச் சொல்லிக்கொடுத்தவை இந்த அட்டைகள். பந்தைக் கையிலிருந்து விடுவதற்குச் சற்று முன், பந்தெறியும் வீரரான பிட்சரின் முன்கை தோளுக்குப் பின்னால் ஏறக்குறையத் தரைக்கு இணையாகச் சாய்ந்துவிடும் என்பதை, தொலைக்காட்சியில் எத்தனையோ ஆட்டங்களைப் பார்த்த பின்னும் நான் அறிந்திருக்கவில்லை. ஓர் அட்டையில் அந்த நொடி அசையாமல் நின்றபோதுதான், மனிதக் கை இப்படியும் வளையுமா என்று வியந்து, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்புத் தையலின் மேல் இரண்டு விரல்கள் எப்படிப் பதிந்திருக்கின்றன, மண்ணில் ஊன்றிய கால் எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்பதெல்லாம் 2.5 அங்குல அகலமும் 3.5 அங்குல உயரமும் உள்ள ஒரு தாளில் தெளிவாக இருந்தன.

இந்த நிலையை எட்ட உங்கள் துறைக்குப் பல ஆண்டுகள் ஆயின. அட்டை நிறுவனமான டாப்ஸில் பணியாற்றிய சை பெர்கரும் வுடி கெல்மனும் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு சமையலறை மேசையில் உருவாக்கிய அந்நிறுவனத்தின் 1952ஆம் ஆண்டுத் தொகுப்பின் படங்கள், கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களுக்குக் கையால் வண்ணம் ஏற்றியவை. வண்ணப் புகைப்படங்களும் இன்றைய அட்டை அளவும் 1957இல் வந்தன. அதே ஆண்டுத் தொகுப்பில் ஹாங்க் ஆரன் என்ற வீரரின் பட நெகட்டிவைத் திருப்பி அச்சிட்டுவிட்டதால், வலக்கை ஆட்டக்காரரான அவர் இடக்கை ஆட்டக்காரராக நிற்கிறார். அதன் பிறகும் நெடுங்காலம் பெரும்பாலான படங்கள் வசந்தகாலப் பயிற்சி முகாம்களில் வீரரை நிறுத்திவைத்து எடுக்கப்பட்டவையே. அணி மாறினாலும் படம் பயன்படட்டும் என்று தொப்பியைக் கழற்றச் சொல்லி எடுப்பதும் வழக்கமாக இருந்தது.

அந்த வழக்கத்திலிருந்து விலகி, ஆட்டத்தின் நடுவே எடுத்த படங்கள் வழக்கமான அட்டைகளிலேயே இடம்பெறத் தொடங்கிய 1971ஆம் ஆண்டுத் தொகுப்பில் தர்மன் மன்சனின் அட்டையை எடுத்துப் பாருங்கள். குறுக்குவாட்டில் அமைந்த அந்தப் படத்தில், ஓட்டம் பெறத் தொட வேண்டிய ஹோம் பிளேட்டை நோக்கிச் சறுக்கி வருபவரைத் தடுக்கும் கேட்சராக (மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவராக) மன்சன் இருக்கிறார். இருவரையும் சுற்றிப் புழுதி எழும்பியிருக்கிறது. அவ்வாண்டின் கறுப்பு விளிம்பு அந்தப் புழுதியை இன்னும் வெளிச்சமாக்கிக் காட்டுகிறது. கறுப்பு மை சற்று உராய்ந்தாலும் உதிர்ந்து மூலைகளில் வெள்ளைத் தாள் தெரிந்துவிடும் என்பதால் சேகரிப்பாளர்கள் பலர் அந்த விளிம்பைக் குறை சொல்வார்கள். என் கணிப்பில் அந்தப் படத்துக்கு அதைவிடப் பொருத்தமான சட்டகம் இல்லை.

டாப்ஸ் 1991இல் வெளியிட்ட ஸ்டேடியம் கிளப் தொகுப்பு விளிம்பையே நீக்கிவிட்டுப் படத்தை அட்டை முழுவதும் பரப்பியது. 2014இல் அது மீண்டும் வரத் தொடங்கியபோது, புகைப்படத்துக்காகவே வாங்கப்படும் தொகுப்பு என்ற பெயரைப் பெற்றது. டாப்ஸின் முதன்மைத் தொகுப்பும் 2016இல் விளிம்பை விட்டது; சில ஆண்டுகளுக்குப் பின் விளிம்பு திரும்பி வந்தது. இதில் எந்தப் பக்கம் சரி என்று வாதிட எனக்கு விருப்பமில்லை. மைதானத்தின் மாலை வெயிலும், பின்னணியில் மங்கித் தெரியும் கூட்டமும் உள்ள படத்துக்கு விளிம்பு தேவையில்லை. வீரரின் முகம் மட்டுமே உள்ள படத்துக்கு வெள்ளை விளிம்பு மூச்சுவிட இடம் தருகிறது. 2023ஆம் ஆண்டு அட்டைகளில் ஆட்டப் படத்தின் மூலையில் வீரரின் முகத்தைச் சிறிய படமாக வைத்தது, இதே அமைப்பு இருந்த 1963, 1983 தொகுப்புகளை நினைவில் வைத்திருப்பவர்களுக்குப் பெரிய மகிழ்ச்சியைத் தந்திருக்கும். எனக்குத் தந்தது.

குறைகள் இல்லாமல் இல்லை. வீரரின் உடலை மட்டும் நெருக்கமாக வெட்டி எடுத்து, பந்தும் தரையும் எதிராளியும் இல்லாமல் செய்துவிடும் படங்கள் சில தொகுப்புகளில் பக்கம் பக்கமாக வருகின்றன. பெயரைப் பளபளக்கும் ஃபாயிலில் அச்சிடும்போது, விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால் ஒழிய அதை வாசிக்க முடிவதில்லை. இவை திருத்தக்கூடியவை, திருத்திக்கொண்டும் வருகிறீர்கள்.

நான் கேட்க வந்தது வேறு. மற்றோர் அட்டை நிறுவனமான அப்பர் டெக்கின் 1989ஆம் ஆண்டுத் தொகுப்பின் முதல் அட்டையான கென் கிரிஃபி ஜூனியரின் படத்தை அறியாத சேகரிப்பாளர் இருக்க முடியாது. மட்டையைத் தோளில் சாய்த்துச் சிரிக்கும் அந்த இளைஞர் அப்போது சிறிய லீக் ஒன்றில் ஆடும் சான் பெர்னார்டினோ அணியின் தொப்பியை அணிந்திருந்தார். அதைச் சியாட்டில் மரினர்ஸ் தொப்பியாகத் திருத்தி அச்சிட்டார்கள். தொப்பி மாறிய கதையைக்கூடப் பலர் சொல்வார்கள். அந்தச் சிரிப்பைப் படமாக்கியவர் வி. ஜே. லொவெரோ என்பதைச் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்?

என் சேகரிப்பில் உள்ள சாதாரண அட்டைகளின் பின்புறத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். புள்ளிவிவரம் உண்டு, லீகின் சின்னம் உண்டு, வீரர்கள் சங்கத்தின் சின்னம் உண்டு, பதிப்புரிமை வரி உண்டு. படம் எடுத்தவரின் பெயரை நான் காணவில்லை. நாளிதழில் வெளியாகி மறுநாளே பழசாகிவிடும் படத்துக்குக்கூட அடியில் பெயர் போடுகிறார்கள். பல பத்தாண்டுகள் பாதுகாக்கப்படப் போகும் படத்துக்கு அது வேண்டாமா?

இதற்கு முன்னுதாரணம் உங்கள் துறைக்குள்ளேயே இருக்கிறது. 1993இல் அப்பர் டெக் ஒரு துணைத் தொகுப்புக்கு அதன் புகைப்படக் கலைஞரான வால்ட்டர் யோஸின் பெயரையே வைத்தது. டாப்ஸின் ‘புராஜெக்ட் 2020’ திட்டத்தில் 20 கலைஞர்கள் 20 பழைய அட்டைகளைப் புதிதாக வரைந்தபோது, ஒவ்வோர் அட்டையும் கலைஞரின் பெயரைச் சொல்லியே விற்கப்பட்டது. டாப்ஸுக்காகப் பல ஆண்டுகள் படமெடுத்த டக் மெக்வில்லியம்ஸின் நெகட்டிவ்கள் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. சேகரிப்பாளர் ஜெஃபர்சன் பர்டிக் திரட்டிய 30,000க்கும் மேற்பட்ட பேஸ்பால் அட்டைகள் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஓவியங்களுக்கும் சிற்பங்களுக்கும் நடுவே இருக்கின்றன. அங்கே தொங்கும் ஓவியத்தின் அடியில் வரைந்தவர் பெயர் இருக்கிறது; அட்டையைப் பார்க்கும் ஒருவர் அதே கேள்வியைக் கேட்டால் பதில் சொல்ல அட்டையில் எதுவும் இல்லை.

ஆகவே, அடுத்த ஆண்டுத் தொகுப்பு அச்சுக்குப் போவதற்கு முன், பின்புறத்தில் பதிப்புரிமை வரியை ஒட்டி, அதே சிறிய எழுத்தில், படம் எடுத்தவரின் பெயரையும், தொகுப்பை வடிவமைத்தவர்களின் பெயரை உறையின் மேலாவது ஓரிடத்திலும் அச்சிடுமாறு வேண்டுகிறேன். ஒன்பது அட்டைகள் கொள்ளும் பிளாஸ்டிக் தாள்களில் என் அட்டைகளை அணிவாரியாகவும் ஆண்டுவாரியாகவும் அடுக்கி வைத்திருக்கிறேன். அந்தப் பெயர்கள் கிடைத்தால், படம் எடுத்தவர் வாரியாக ஒரு தொகுதியை அடுக்கத் தொடங்குவேன்.

இப்படிக்கு,
தங்கள் அட்டைகளைச் சேர்த்துவரும் ஒரு தமிழ் வாசகன்