கூப்பிட்ட நம்பரை அழிக்க முடியுமா?

மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் 14416 மனநல உதவி எண்ணைக் கவனித்துவரும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் சின்னதாக ஒரு ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு அக்கா பட்டன் போனை நீட்டி, "தம்பி, கூப்பிட்ட நம்பரை இதுல அழிக்க முடியுமா?" என்று கேட்டார். அழிக்கும்போது கண்ணில் பட்டுவிட்டது: 14416, இரவு 1.40. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே குரலை இறக்கி, "அவங்க திரும்பக் கூப்பிடுவாங்களாப்பா? வீட்டுல எல்லாருக்கும் இந்த ஒரு போன்தான்" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

2022இல் 'நட்புடன் உங்களோடு' என்று இந்தச் சேவையைத் தொடங்கினீர்கள். அரசாங்கம் வைத்த பெயர்களில் இப்படி மனசுக்கு இதமாக ஒன்று அமைவது அபூர்வம். இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம். எல்லாம் சரி, ஆனால் போனை வைத்த பிறகு அதே வீட்டுக்குள்தானே அந்த அக்கா இருக்க வேண்டும்?

அதனால் முதல் வேண்டுகோள். அழைப்பு முடியும் முன்பே "இந்த நம்பருக்குத் திரும்பக் கூப்பிடலாமா, எந்த நேரம் தோது?" என்று கட்டாயம் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். திரும்ப அழைக்கும்போது வேறு யாராவது எடுத்தால் மனநலம் என்ற வார்த்தையே வாயில் வரக்கூடாது. ட்ரூகாலரில் என்ன பெயர் விழுகிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆலோசகர் எவ்வளவு பக்குவமாகப் பேசினாலும் திரையில் விழும் பெயர் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம், மாசக் கடைசியில் ரீசார்ஜ் முடிந்து வெறும் இன்கமிங் மட்டும் ஓடும் போன்கள் எங்கள் ஊரில் நிறைய. கையில் காசில்லாத நேரத்தில்தான் மனசும் அதிகம் உடைகிறது. பேலன்ஸ் இல்லாத போனிலும் அவசர உதவி எண் 112 போகிறது. அதுபோல எந்த போனிலிருந்தும் 14416 போகும்படி டெலிகாம் கம்பெனிகளிடம் பேசி உறுதி செய்யுங்கள்.

இதைவிடப் பெரிய தடை போலீஸ் பயம். "சாகணும்னு சொன்னா கேஸ் போட்டுருவாங்க" என்று டீக்கடையில் இன்றைக்கும் சொல்கிறார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் கொடுப்பது அரசின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆவது பிரிவும் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் இல்லை. இது வக்கீல்களுக்குத் தெரியும், ராத்திரி ஒன்றரை மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறவருக்குத் தெரியாது. எடுத்ததும் ஒலிக்கும் வரவேற்புக் குரலிலேயே "கேஸ் வராது" என்று பேச்சுத் தமிழில் சொல்லிவிடுங்கள். பேசுவது பதிவாகிறது என்றால் அது யார் கைக்குப் போகும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆம்புலன்ஸுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்று உதவி எண்கள் குவிந்து கிடக்கின்றன. பதறிப்போனவர் எதை அழுத்தினாலும் "நீங்க அந்த நம்பருக்குப் போடுங்க" என்று வைத்துவிடாமல், லைனைத் துண்டிக்காமலே 14416க்கு மாற்றிக்கொடுக்க ஏற்பாடு வேண்டும்.

விளம்பரத்துக்குப் பெரிய பேனர் தேவையில்லை. உள்ளங்கை அளவு ஸ்டிக்கர் போதும். எண், காசு கிடையாது, கேஸ் வராது, கேட்காமல் திரும்பக் கூப்பிட மாட்டோம். அச்சடித்து எங்களைப் போன்ற ரீசார்ஜ் கடைகளுக்கு அனுப்புங்கள். என் கடைக் கண்ணாடியில் சிம் ஆஃபர் போஸ்டரைக் கிழித்து இடம் ஒதுக்கிவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு ரீசார்ஜ் கடைக்காரன்