குளிர்பானத்துக்குத் தடை, சூடான உணவுக்கும் தடை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க அரசு ஏழைக் குடும்பங்களுக்கு வழங்கும் ‘ஸ்நாப்’ உணவு உதவித் தொகையில் சோடாவும் ஆற்றல் பானங்களும் வாங்கத் தடை விதிக்க நெப்ராஸ்கா மாநிலம் 2025 மே மாதம் ஒப்புதல் பெற்றதையும், பிற மாநிலங்கள் அதைப் பின்தொடர்ந்ததையும் வெறும் உடல்நல அக்கறையாக என்னால் பார்க்க இயலவில்லை. மதுவுக்கும் புகையிலைக்கும் அத்திட்டத்தில் ஏற்கெனவே இடமில்லை, அது சரியே. ஆனால் கடையில் சூடாக வாட்டி வைத்திருக்கும் கோழியை அந்த உதவித் தொகை வரும் அட்டையைக் கொண்டு பொதுவாக வாங்க முடியாது, அதே கோழி ஆறிக் குளிர்பெட்டிக்குள் போனபின் வாங்கலாம் என்கிற விதி, அடுப்பில்லாத விடுதி அறையில் பிள்ளைகளோடு தங்கியிருக்கும் தாய்க்கு என்ன நன்மை செய்கிறது? சர்க்கரை பானம்தான் கவலை என்றால், பிலடெல்பியா நகரம் 2017 முதல் செய்வதுபோல் அதன்மீது வரி விதிக்கலாம். அந்தச் சுமை ஏழையோடு வசதியுள்ளவர்மீதும் விழும்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி