கீழ்வீட்டுக் கிழவியும் ஓட்ஸ் கஞ்சியும்

அபர்தீன், ஸ்காட்லாந்து
ஜனவரி கடைசி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீ, அப்பா, ஆயா, செல்வி எல்லோரும் நலமா? நீ சொல்லச் சொல்ல செல்வி எழுதிய கடிதம் வந்தது. போனில் கேட்டால் "சாப்பிட்டேன்" என்கிறானே தவிர என்ன சாப்பிட்டான் என்று சொல்வதில்லை என்று குறைப்பட்டிருக்கிறாய். சரி, இன்றைக்கு அதையே எழுதுகிறேன்.

காலையில் ஓட்ஸ் கஞ்சிதான். கீழ்வீட்டுக் கிழவி கற்றுக்கொடுத்தாள். ஓட்ஸ், தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். நான் சர்க்கரை டப்பாவைத் தொட்டதும் பிடுங்கி மேல் அலமாரியில் வைத்துவிட்டாள். கிண்டுவதற்கென்றே ஒரு மரக்குச்சி வைத்திருக்கிறாள், நம் களித் துடுப்புக்குத் தம்பி. வலப்பக்கமாகத்தான் சுற்ற வேண்டும், மாற்றிச் சுற்றினால் சாத்தான் வந்துவிடுமாம். கஞ்சி ஒரு கிண்ணம், ஜில்லென்ற பால் இன்னொரு கிண்ணம். ஸ்பூனில் கஞ்சியை அள்ளி, பாலில் ஒரு முக்கு முக்கி வாயில் போடுவாள். அதுவும் நின்றுகொண்டே. உட்காரச் சொன்னால் முறைக்கிறாள்! குளிரும் மழையும் தாங்கி விளைவது ஓட்ஸ்தான் என்பதால் அந்தக் காலத்தில் இவர்களுக்கு அதுதான் சோறாம். நான் ராத்திரிக்கும் அதையே குடித்துவிடுகிறேன். உடம்புக்கு நல்லது.

ரத்தத்தில் ஓட்ஸ் கலந்து குடலில் அடைத்து, வட்டமாக அரிந்து வறுத்தும் காலையில் தின்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. வெங்காயம் மிளகாய் இல்லாத ரத்தப் பொரியல் யாருக்கு வேண்டும்? கடலுக்குப் போகிறவர்கள் கொண்டுபோன தட்டையான உப்பு ரொட்டி ஒன்று உண்டு, கெடாமல் இருக்கக் கொழுப்பை அள்ளிப் போட்டிருப்பார்கள். அது அருமை.

கூட வேலை செய்யும் நைஜீரியா அக்கா சனிக்கிழமைகளில் அகாரா கொண்டுவருவாள். அது அசல் காராமணி வடை! தோல் நீக்கிய காராமணியை அரைத்து, வெங்காயமும் மிளகாயும் சேர்த்து எண்ணெயில் சுடுவது. கூடவே புளிக்கவைத்த மக்காச்சோளக் கூழ். அவர்கள் ஊரில் அதுதான் காலைச் சாப்பாடாம்.

ஊரே கருங்கல் கட்டிடம். அப்பா பார்த்தால் எந்தக் குவாரிக் கல் என்று கேட்பார். ரூமில் ஹீட்டர் இருக்கிறது, எனக்குத்தான் அந்தச் சூடு ஒத்துக்கொள்வதில்லை. குல்லாயும் ஸ்வெட்டரும் போதும்.

இங்கே எட்டேகாலுக்குத்தான் விடிகிறது. அங்கே மதியச் சாப்பாடே முடிந்திருக்கும். களிச் சட்டியின் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டி எனக்கும் செல்விக்கும் பங்கு போடுவாயே, அவளுக்குப் பெரிய துண்டு போனதென்று நான் சண்டை பிடிப்பேனே. இனி முழுசும் அவளே தின்னட்டும் அம்மா. எனக்கு அந்த வாசனை மட்டும் போதும்... சரி, விடு.

தோப்பு விஷயம். பூவைப் பார்த்து வியாபாரி முன்பணம் நீட்டினால் அப்பா கை நீட்ட வேண்டாம். பிஞ்சு பிடிக்கட்டும், அப்புறம் பேசலாம். பெங்களூரா மரங்களை மட்டும் குத்தகைக்கு விடுங்கள், கிணற்றோரத்து மல்கோவா வீட்டுக்கு இருக்கட்டும். இந்த மாதப் பணம் அடுத்த மாதத்தோடு சேர்ந்து வரும். இங்கே சம்பளத் தேதியை மாற்றியிருக்கிறார்கள், வேறொன்றும் இல்லை. பெரிய மாமா வட்டி கேட்டால் மார்ச்சில் தருகிறேன் என்று சொல், உன் காதுத் தோட்டின் பக்கம் கை வைக்காதே.

ஊத்தங்கரை வரனுக்கு ஓசூரில் வேலை என்றால் எந்தக் கம்பெனி, நிரந்தரமா காண்ட்ராக்டா என்று சித்தப்பாவை விட்டு விசாரி. நான் பேசும்வரை நகைக் கணக்கு எதுவும் ஒப்புக்கொள்ளாதீர்கள். செல்விக்குப் பிடித்திருக்கிறதா என்று எழுதவே இல்லையே? அவள் கையாலேயே எழுதச் சொல்.

இப்படிக்கு,
உன் மகன்
குமரேசன்