இடிப்பறவையும் உன் கருடனும்

அன்புள்ள குகன்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை ஆகிறது, பதில் போடவில்லை என்று கோபிக்காதே மச்சான். அம்மாவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. இப்போது வீட்டுக்குள் தடி ஊன்றி நடக்கிறார்.

சரி, பெருமாள் கோயில் கருட வாகனத்துக்கு நீதான் வர்ணம் தீட்டப்போகிறாய் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த நாளிலிருந்து ஒரு படம் என் மனதை விட்டுப் போகவில்லை. நோர்வல் மொறிசோ, கனடாவில் ஒன்ராறியோவின் வடக்கில் வளர்ந்த, ஓஜிப்வே என்ற பூர்வகுடியைச் சேர்ந்த ஓவியர், 2007இல் காலமானவர். 1977இல் ஆறு பெரிய கன்வஸ்களில் ஒரு மனிதன் படிப்படியாக இடிப்பறவையாக மாறுவதைக் கீறினார். அவருடைய சனத்தின் கதைகளில் அந்தப் பறவை சிறகடித்தால்தான் இடி, கண் வெட்டினால் மின்னல். தண்ணீருக்கடியில் வாழும் கொம்பு வைத்த பெரும்பூனை மிஷிபெஷுவோடு அதற்குத் தீராத பகை. கருடனுக்கும் நாகத்துக்கும் உள்ள பகை மாதிரி என்று வைத்துக்கொள்.

நூலகப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, ஒரு சிறகை மட்டும் கண்ணைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். தடித்த கறுப்புக் கோடு, அதற்குள் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் கலக்காத தனி நிறம், நிழலே கிடையாது. உடம்பைத் திறந்து உள்ளே இருப்பதைக் காட்டுவது போல இருக்கும். மந்திரச் சடங்குகளுக்காகப் பூர்ச்சமரப் பட்டையில் கீறி வைத்த உருவங்களிலிருந்து எடுத்த முறை அது. அதை வெளியாருக்குக் காட்டுவதா என்று அவருடைய சனத்திலேயே சிலர் எதிர்த்தார்கள். அந்தக் கோபமும் எனக்கு விளங்குகிறது. ஆனால் பிள்ளைகளிடமிருந்து மொழியைப் பிடுங்கிய உறைவிடப் பள்ளியில் ஆறு வயதில் சேர்க்கப்பட்டவர், தாத்தாவிடம் கேட்ட கதைகளைக் கீறாமல் எப்படி இருந்திருப்பார்?

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. இளவயதில் கடும் நோயில் கிடந்தபோது, வைத்தியம் பார்த்த ஒரு மூதாட்டி அவருக்குப் புதுப்பெயர் வைத்தார்: செப்பு இடிப்பறவை. பிழைத்துக்கொண்டார். தன் மனைவி சொல்லிக்கொடுத்த கிறீ எழுத்தில் (கிறீ என்பது இன்னொரு பூர்வகுடியின் மொழி) அந்தப் பெயரைத்தான் படங்களில் ஒப்பமாக இட்டார். அப்படியென்றால் அந்த ஆறு கன்வஸ்களில் மாறுகிற மனிதன் வேறு யாருமில்லை, தனக்கு வைத்த பெயருக்குள் போய்ச் சேருகிற அவரேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கை எங்கே முடிகிறது, இறகு எங்கே தொடங்குகிறது என்று தேடிப் பார்த்தேன், பிரித்துச் சொல்ல முடியவில்லை. இப்படிப்பட்ட மனிதரின் ஒப்பத்தையே போட்டுப் போலிப் படங்களை ஆயிரக்கணக்கில் விற்றிருக்கிறார்கள், 2023இல்தான் ஆட்களைப் பிடித்தார்கள். நினைக்க வயிறு எரிகிறது.

உன் கருடனின் சிறகுக்கு என்ன நிறம்? பழைய வர்ணத்தைச் சுரண்டு முன் ஒரு படம் எடுத்து அனுப்பு, தோள்மூட்டில் கையும் இறகும் சேருகிற இடம் தெளிவாகத் தெரியவேண்டும்.

அன்புடன்,
சிவா