ஜன்னல் கட்டில்காரிக்கு

அன்புள்ள உனக்கு,

உன் பெயரைப் போடவில்லை. கல்லூரியின் பெயரும் உன் ஊரின் பெயரும் இதில் வராது. நம் பேட்ச்காரர்கள் யாராவது படித்துவிட்டு, இது யார் என்று குரூப்பில் தேட ஆரம்பித்தால், தயவுசெய்து வேண்டாம். உனக்குப் புரிந்தால் போதும் என்றுதான் நம் ஹாஸ்டல் அறையில் நீ படுத்த கட்டிலைத் தலைப்பில் வைத்தேன்.

இந்த மார்ச்சோடு 12 வருஷம் ஆகிறது. வருஷா வருஷம் எழுத நினைத்துத் தள்ளிப்போட்டேன். இந்தத் தடவை எழுத வைத்தது போன வாரம் நான் எடுத்த ஒரு முடிவு.

நான் இப்போது பாடம் நடத்தும் கல்லூரியில் மாணவர் ஆலோசனை மையம் திறக்கிறார்கள். பழைய விடைத்தாள்கள் அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, போர்டு மாட்டியாகிவிட்டது. பொறுப்பாளர் என்று என் பெயரை எழுதி, சுற்றறிக்கையைக் கையெழுத்துக்கு அனுப்பினார்கள். “நீங்க பொறுமையா பேசுவீங்க மேடம், மூணு நாள் ட்ரெயினிங் வேற போயிருக்கீங்க” என்றார்கள். முடியாது என்று எழுத்தில் கொடுத்துவிட்டேன். அதை உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. 12 வருஷம் முன்பு, உன் உயிருக்குப் பயந்து, அப்படி ஒரு போர்டுக்குக் கீழே போய்த்தானே நான் உன்னைப் பற்றிச் சொன்னேன்.

உன் நோட்டில் நீ என்ன எழுதியிருந்தாய் என்று இங்கே எழுத மாட்டேன். அன்று அதைப் படித்தவர்களே அதிகம்.

ஆனால் விசிட்டர் ஹாலைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த உன் அப்பா, எப்போதும் போல மஞ்சப்பையில் கொய்யாப்பழம் கொண்டுவந்திருந்தார். உனக்குப் பாதி, எனக்குப் பாதி. அதற்கு முன்பு துறைத்தலைவர் அறையில் நடந்தது உனக்குத் தெரியாது. நீ வார்டன் அறையில் உட்கார்ந்திருந்தாய். உன் நோட்டின் அந்தப் பக்கத்தைத் துறைத்தலைவர் சத்தமாகப் படித்தார். “பொண்ணுக்குக் கவுன்சலிங் தேவைப்படுது” என்றார். உன் அப்பா எழுந்து நின்று, “மறுபடி சீட்டு மாத்துறாங்களா சார்?” என்று கேட்டார். அவருக்குத் தெரிந்த கவுன்சலிங், மூன்று வருஷத்துக்கு முன்னால் உன் கட் ஆஃபை எழுதிய தாளோடு சென்னைக்குப் போய் வந்த கவுன்சலிங்தான். யாரும் அவருக்கு விளக்கவில்லை. அவர் பக்கத்தில் நின்ற நானும் விளக்கவில்லை.

அப்புறம்தான் விசிட்டர் ஹால். உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் என்னைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, “நீ சொல்லலேன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதும்மா” என்றார். அந்த நிமிஷம் வரை யார் சொன்னது என்று உனக்குத் தெரியாது. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

அறைக்கு வந்து பேசாமல் மூட்டை கட்டினாய். வாளிக்குள் மக்கு, மக்குக்குள் சோப்பு டப்பா. கொடியை அவிழ்க்கும்போது அதில் கிடந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினாய். உன்னுடையது நீலம், என்னுடையது பச்சை. மூன்று பச்சைக் கிளிப்பை என் கட்டிலில் வரிசையாக வைத்து, “இது உன்னுது” என்றாய். நீ என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

மன்னித்துவிடு. எதற்கு என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். சொன்னதற்கு நான் வருத்தப்படவில்லை. இன்று அதே ராத்திரி வந்தாலும் சொல்வேன். நமக்கு இன்டர்னல் மார்க் போடுகிறவரிடம் போய்ச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அவர் பெயருக்குக் கீழே கவுன்சலிங் செல் என்று இருந்தது, நம்பிவிட்டேன். அரை மணி நேரத்தில் துறைத்தலைவருக்குப் போனது. மாலைக்குள் வார்டன், துணை வார்டன், ஆபீஸ் கிளார்க் வரைக்கும் போய்விட்டது. நோட்டை நான்தான் கொடுத்தேன். வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கலாம். அதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

துறைத்தலைவருக்கு இருந்த பயம் ஒன்றுதான்: “ஏதாவது ஆனா போலீஸ் கேஸ்.” அப்போது தற்கொலைக்கு முயல்வதே குற்றம், தண்டனைச் சட்டம் 309. அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017-ல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் ரகசியம் காப்பது பற்றிய பகுதியை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. சிகிச்சை தருகிறவர் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லலாம், ஆனால் அதைத் தடுக்கத் தேவையான அளவுதான். அந்தத் ‘தேவையான அளவு’ என்ற இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் நிற்கிறேன். உன் அப்பாவுக்குத் தேவையான அளவு, “பொண்ணு கஷ்டத்தில இருக்கா, கூட இருங்க” என்பதுதான். அந்தப் பக்கத்தை அவர் கேட்டிருக்கவே வேண்டியதில்லை.

மெடிக்கல் சர்டிபிகேட் வந்தால்தான் ஹாஸ்டல் என்றார்கள், அட்டெண்டன்ஸ் குறைந்து செமஸ்டர் போனது. அதற்குப் பிறகு உன் வீட்டில் எடுத்த முடிவைப் பற்றி இங்கே ஒரு வரிகூட எழுத மாட்டேன். உன் வீட்டுக்காரரோ பிள்ளைகளோ படிக்கக்கூடும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். எனக்கு என்ன வயது அப்போது? 20. “யார்கிட்டயும் சொல்லக் கூடாது, எங்க அம்மா மேல சத்தியம்” என்று என் கையைப் பிடித்து வாங்கினாய். அதன் பிறகு நீ தூங்கினாய். மூன்று ராத்திரி நான்தான் தூங்கவில்லை. இருட்டில் உன் மூச்சு கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன். மின்விசிறிச் சத்தத்தில் கேட்காமல் போனால் எழுந்து வந்து உன் கட்டில் பக்கத்தில் நிற்பேன். காலையில் ஆன்டெனா பாடத்தில் இன்டர்னல் பரீட்சை. நீ வந்து நன்றி சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் 12 வருஷம் ஒரு வார்த்தை இல்லாமல் இருந்தாயே, என் பக்கம் என்ன ஆச்சு என்று உனக்கு ஒரு நாளாவது தோன்றியதா?

நமக்கு யாருமே இல்லாமல் இருந்ததும் இல்லை. சென்னையில் 1986-லிருந்து சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு மையம் இருக்கிறது. நம் நோட்டீஸ் போர்டில் ராகிங் புகார் நம்பர் மட்டும்தான் ஒட்டியிருந்தது. இப்போது அரசின் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, எந்த நேரமும் தமிழில் பேசலாம். அந்த மூன்று ராத்திரியில் அப்படி ஒரு நம்பர் கையில் இருந்திருந்தால், உனக்காக இல்லை, எனக்காகவே கூப்பிட்டிருப்பேன்.

எங்கள் கல்லூரி சும்மா விழித்துக்கொள்ளவில்லை. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்றது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போன 17 வயது மகளை இழந்த ஒரு அப்பா போட்ட வழக்கு அது. தீர்ப்பைப் படித்தபோது உன் அப்பா துறைத்தலைவர் முன்னால் எழுந்து நின்ற நிலைதான் கண்ணுக்கு வந்தது. அதனால்தான் கையெழுத்துப் போடவில்லை. அந்தப் படிப்பு படித்தவரை வையுங்கள், எங்கள் ஸ்டாஃப் ரூம் எதிரில் இல்லாத அறை கொடுங்கள், அங்கே பேசியது துறைக்கு வரக் கூடாது என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இன்னும் பதில் இல்லை. முதல்வர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, பரவாயில்லை.

பச்சைக் கிளிப்பில் ஒன்று உடைந்துவிட்டது. இரண்டு இருக்கின்றன.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அந்த நோட்டு உன் மேஜையில் இல்லை. என் கட்டிலில், தலையணைக்குப் பக்கத்தில், திறந்து கிடந்தது. மறந்து வைத்தாயா, நான் படிக்கட்டும் என்று வைத்தாயா?